டோரண்டில் படம் பகிர்ந்ததாக வக்கீல் நோட்டீஸ்: உடனே பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் ஆக்கன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம், இன்டர்நெட் கனெக்‌ஷன் என் பெயரில். டோரண்டில் ஒரு படத்தைப் பகிர்ந்ததாகச் சொல்லி, 900 யூரோவுக்கு மேல் கேட்டு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. நான் அந்தப் படத்தைத் தொட்டதே இல்லை. பேசாமல் கட்டிவிடவா, குப்பையில் போடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் கடிதத்தில் இருக்கும் கெடுவைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். அதைத் தாண்டினால் அவர்கள் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கப் பார்க்கலாம். அந்தச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும்.

இப்படி வரும் எச்சரிக்கைக் கடிதத்துக்கு அங்கே ‘அப்மானுங்’ என்று பெயர். டோரண்டில் ஒரு படம் பலரிடமிருந்து துண்டு துண்டாக உங்களுக்கு இறங்கும்போதே மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டும் இருக்கும். கண்காணிப்பு நிறுவனம் அப்படிப் பகிரும் கூட்டத்துக்குள் புகுந்து, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இன்டர்நெட் கனெக்‌ஷனின் அடையாள எண்) துண்டு வருகிறது என்பதை நொடி சுத்தமாகக் குறித்துக்கொள்ளும். அப்புறம் கோர்ட் அனுமதியோடு, அந்த முகவரி யாருடையது என்று இன்டர்நெட் நிறுவனத்திடம் கேட்பார்கள். கிடைப்பது கனெக்‌ஷன் யார் பெயரில் என்பது மட்டும்தான். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்பது அதில் தெரியாது. உங்களுக்கு இருக்கும் பிடி அதுதான்.

இந்தக் கண்காணிப்பு முறை சறுக்கியதும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல், எதையுமே இறக்காத பிரிண்டர்களின் முகவரிக்குத் திருட்டுப் புகார் வரவைத்துக் காட்டினார்கள். துண்டை வாங்கிச் சரிபார்க்காமல், பகிர்கிறவர்களின் முகவரிப் பட்டியலை மட்டும் நம்பியதன் வினை. 2013 டிசம்பரில் ஜெர்மனியிலேயே, ரெட்டியூப் என்ற ஆபாசப் படத் தளத்தில் ஸ்ட்ரீமிங்கில் படம் பார்த்ததாகப் பல்லாயிரம் பேருக்கு நோட்டீஸ் பறந்தது. வெறுமனே பார்ப்பவர் எதையும் ஏற்றுவதில்லையே, அவர் ஐ.பி. எப்படிக் கிடைத்தது? விவரம் கொடுக்க அனுமதித்த கொலோன் கோர்ட்டே அடுத்த மாதம், அனுமதித்தது தவறு என்றது. அமெரிக்காவில் இன்னும் மோசம்: இரண்டு வக்கீல்கள் தாங்களே படத்தை டோரண்டில் ஏற்றிவிட்டு, இறக்கியவர்களை மிரட்டிக் காசு பார்த்தார்கள். 2019இல் ஒருவருக்கு 14 ஆண்டு, இன்னொருவருக்கு 5 ஆண்டு சிறை. இதற்காக உங்களுக்கு வந்த நோட்டீஸும் டுபாக்கூர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கடிதத்தோடு, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவமும் வைத்திருப்பார்கள். அதில் மட்டும் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பல படிவங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் பணம் தருவதும் சேர்ந்தே இருக்கும், காலம் முழுக்கக் கட்டுப்படுத்தும். வாசகத்தை மாற்றிக் கொடுப்பதா, கொடுக்காமலே இருப்பதா என்பதை உங்கள் வக்கீல் சொல்லட்டும். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கமான ‘ஆஸ்டா’ இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது, அங்கே கேளுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டு விளக்கம் சொல்லாதீர்கள், வாய்தவறி வருவது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

வயதுவந்த ரூம்மேட்டுகளிடம் ‘திருட்டுத்தனமாகப் படம் பகிராதீர்கள்’ என்று காரணமில்லாமல் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் “யாரோ செய்திருப்பார்கள்” என்றால் எடுபடாது. அந்தத் தேதியில், அந்த நேரத்தில் வைஃபையை யார் யார் பயன்படுத்தியிருக்க முடியும் என்று பெயரோடு சொல்ல வேண்டிவரும். மறப்பதற்குள் இருவரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். நட்பு கொஞ்சம் கசக்கும், என்ன செய்வது.

தொகையையும் பிரித்துப் பாருங்கள். தனிநபர் முதல்முறை சிக்கினால், ‘பகிர்வதை நிறுத்து’ என்ற கோரிக்கைக்கான வக்கீல் கட்டணத்தை, வழக்கின் மதிப்பு பொதுவாக 1000 யூரோ என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது 2013இல் வந்த சட்டம். மிச்சம் படத்துக்கான இழப்பீடு. அதில் பேரம் பேச இடமுண்டு.

பதில் அனுப்பிய பிறகு அவர்கள் சத்தம் காட்டாவிட்டாலும் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீட்டை 10 ஆண்டு வரை கேட்க முடியும்.