பழைய டிஸ்கைக் கழற்றினால் புது எஸ்எஸ்டி பூட் ஆகவில்லை

கேள்வி: விண்டோஸ் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்கோடு, இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் உபுண்டு நிறுவினேன். இரண்டும் நன்றாக ஓடின. பழையதைக் கழற்றியதும், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் வருகிறது. எஸ்எஸ்டி பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு டிஸ்கும் இருந்தபோது உபுண்டு ஒழுங்காக ஓடியதே, பழுதான எஸ்எஸ்டியில் அது நடக்காது. மாற்றி வாங்கினாலும் இதே தொல்லை திரும்ப வரும்.

உபுண்டு எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது; அதை எழுப்பிவிடும் பூட்லோடர் அங்கே இல்லை. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) உள்ள இன்றைய கணினிகளில் பூட்லோடருக்கென்று இஎஃப்ஐ என்ற சின்னப் பகிர்வு உண்டு. விண்டோஸ் நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில் அது உருவாகிவிடும். அடுத்து வரும் நிறுவி, அப்படி ஒன்று ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தால் தன் பூட்லோடரையும் அதிலேயே எழுதிவிடக்கூடும். உபுண்டுவின் பழைய நிறுவியில், பூட்லோடருக்கு இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் டிஸ்கிலேயே போய் எழுதும் குறை வெகுகாலம் இருந்தது. தேர்ந்தெடுத்தவர் மேல் ஒரு தவறும் இல்லை. பழைய டிஸ்கைக் கழற்றியபோது பூட்லோடரும் கூடவே போய்விட்டது, அவ்வளவுதான்.

உபுண்டுவில் முக்கியமான கோப்புகள் இன்னும் சேரவில்லை என்றால், பழைய டிஸ்க் கழற்றியபடியே இருக்கட்டும், மறுபடி நிறுவிவிடுங்கள். எஸ்எஸ்டியிலேயே இஎஃப்ஐ பகிர்வு உருவாகும். பூட் மெனுவில் உபுண்டு நிறுவும் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று குறித்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். கோப்புகள் வேண்டுமென்றால் முதலில் பேக்கப். அப்புறம் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலேயே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து, எஸ்எஸ்டியில் 500 எம்பி அளவில் எஃப்ஏடி32 வடிவில் இஎஃப்ஐ பகிர்வு உருவாக்கி, 'பூட் ரிப்பேர்' கருவியால் உபுண்டுவின் பூட்லோடரான க்ரப்பை அதில் நிறுவுங்கள். பழைய டிஸ்கில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால், பயாஸ் (யுஇஎஃப்ஐ) அமைப்பில் கைவைக்கும் முன் அதன் ரெக்கவரி கீயைக் குறித்து வையுங்கள்.

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயரே தெரியவில்லை என்றால்தான் மாற்றித் தரச் சொல்லும் பேச்சு வரும். எம்.2 வகையாக (மதர்போர்டில் நேரே செருகும் சின்ன அட்டை) இருந்தால் அப்போதும் மதர்போர்டு கையேட்டை ஒருமுறை பாருங்கள். அதில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு; என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைச் செருகினால் அது தெரியவே தெரியாது. சில பழைய மதர்போர்டுகள் என்விஎம்இ டிஸ்கிலிருந்து பூட் ஆகவும் மாட்டா.