வகுப்பறை கேள்வி - பதில்: ‘புரிந்ததா?’ என்றால் ‘புரிந்தது’ என்றுதான் பதில் வரும்

கேள்வி: 6ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தினமும் பாட நோக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வகுப்பு முடிந்து ‘இன்று என்ன கற்றோம்?’ என்று கேட்டால், ‘பின்னம், மிஸ்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.
- நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: பலகையில் இருப்பது பிள்ளைகளுக்காக எழுதிய வாக்கியம் அல்லவே! ‘மாணவர்கள் வேற்றினப் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்’ என்பது பாடக்குறிப்பேட்டின் மொழி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட அது போதும். பதினொரு வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தனக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்பதை எதைக் கொண்டு பார்க்கும்?

முதலில் வினைச்சொல்லை மாற்றுங்கள். ‘பகுதி வேறு வேறாக உள்ள இரண்டு பின்னங்களை என்னால் கூட்ட முடியும், விடை சரிதானா என்று படம் வரைந்து பார்க்கவும் முடியும்.’ கூட்டு, வரை, பிரி, ஒப்பிடு, காரணம் சொல் எல்லாம் செய்தால் கண்ணுக்குத் தெரியும். அறி, உணர், புரிந்துகொள் ஆகியவற்றை யாரும் பார்க்க முடியாது. செய்கிற பிள்ளைக்கே தெரியாது. ஒரு பாடவேளைக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும். மூன்று நான்கு என்று அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது.

அடுத்தது வரிசை. நோக்கத்தை முதலில் எழுதாதீர்கள். மணி அடித்ததும் ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள்: 1/2 + 1/3. இரண்டு நிமிடம், அவரவர் நோட்டில். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/5 என்று பலர் எழுதியிருப்பார்கள். ‘தப்பு’ என்று சொல்லிவிடாமல் ஒரு தோசையைப் படமாக வரைந்து கேளுங்கள்: ‘கையில் அரைத் தோசை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தருகிறேன். இப்போது உன்னிடம் இருப்பது அரையைவிடக் கூடவா, குறைவா?’ கூட என்பார்கள். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. கொடுத்த பிறகு குறைந்துவிட்டதே, எப்படி? அந்தக் குழப்பம் வகுப்பில் பரவிய பிறகு நோக்கத்தைப் பலகையில் எழுதுங்கள். இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். இப்போதுதான் அந்த வாக்கியத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் அதே 1/2 + 1/3 கணக்கை, தொடக்கத்தில் செய்ததைப் பார்க்காமல், மறுபடி போடச் சொல்லுங்கள். கூடவே எண் மாற்றி இன்னொன்று: 1/4 + 2/3. முதல் கணக்கின் விடை 5/6 என்று மனப்பாடமாகியிருக்கலாம். இரண்டாவதில்தான் உண்மை தெரியும்.

நோக்கத்தை நோட்டில் எழுதவைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். 6ஆம் வகுப்பில் இரண்டு வரி எழுதி முடிக்க நாலு நிமிடம் போகும். அந்த நாலு நிமிடத்தில் ஒரு கணக்குப் போடலாம்.

கேள்வி: பாடம் முடிந்ததும் தன்மதிப்பீட்டுத் தாள் கொடுத்தேன். ‘நன்றாகத் தெரியும்’ என்றால் பச்சை, ‘ஓரளவு’ என்றால் மஞ்சள், ‘தெரியாது’ என்றால் சிவப்பு. 40 பேரில் 36 பேர் பச்சை. அடுத்த வாரம் தேர்வில் பாதிப் பேர் தேறவில்லை. பிள்ளைகள் பொய் சொல்கிறார்களா?
- உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: சிலர் பயந்து பச்சை தீட்டியிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும். இப்போதுதான் கேட்டது காதில் இருக்கிறது, பலகையில் விடையும் இருக்கிறது. பழக்கமாகிவிட்டதைத் தெரிந்துவிட்டதாக எண்ணுவது பெரியவர்களுக்கும் உள்ளதுதான். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வகுப்பைப் பார்த்து எழுதியது போலிருக்கும். ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். நீங்கள் வண்ணம் தீட்டச் சொன்னது அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

எனவே ‘உனக்குத் தெரியுமா?’ என்று கேட்கும் தாளை எடுத்துவிட்டு, ‘செய்தாயா, எப்போது, எப்படி?’ என்று கேட்கும் தாளை வையுங்கள். ஏ-4 தாளில் பாதி போதும். ஓர் அலகுக்கு ஆறு முதல் எட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு ‘என்னால் முடியும்’ வாக்கியம். அதன் எதிரே சோதனைக் கேள்வியின் எண், பிறகு மூன்று கட்டங்கள்: முதல் முயற்சி, மறுமுயற்சி, ஒரு வாரம் கழித்து. கட்டத்தில் தேதியும் ஒரு குறியும் மட்டும். புத்தகத்தையோ பக்கத்தில் இருப்பவரையோ பார்க்காமல் தனியாகச் சரியாகச் செய்தால் டிக். உதவியோடு செய்தால் ‘உ’. வரவில்லை என்றால் ஒரு வட்டம். மூன்றாவது கட்டத்தை ஏழு நாள் ஆகுமுன் தொடக்கூடாது, கேள்வியிலும் எண்களோ சூழலோ மாறியிருக்க வேண்டும். வண்ணம் வேண்டும் என்றால் மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்த பிறகு தீட்டட்டும்.

இது கெட்டுப்போகிற வழிகளையும் சொல்லிவிடுகிறோம். தனித் தாளாகக் கொடுத்தால் இரண்டாவது வாரமே பாதித் தாள் காணாமல் போகும். நோட்டின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டவையுங்கள். இருபது வரிசை போட்டால் படிவம் நிரப்புவதே வேலையாகிவிடும். 40 தாளையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் மூன்றாம் நாள் நீங்களே கைவிடுவீர்கள். நாளுக்கு ஐந்து பேர் என்றால் எட்டுப் பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். பெயர் போட்டுச் சுவரில் ஒட்டவே கூடாது. அப்படி ஒட்டினால் அது முன்னேற்றப் பதிவாக இருக்காது, தரவரிசைப் பட்டியலாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தக் குறிகளை வளரறி மதிப்பீட்டு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். சேர்த்த நாளிலிருந்து 40 பேரும் பச்சைதான்.

பிள்ளை தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் முறை நமக்குப் புதிதும் அல்ல. ஆந்திராவில் உள்ள ரிஷி பள்ளத்தாக்கு கிராமக் கல்வி மையத்தின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரில் ஏணிப்படி இருந்தது, அட்டைகளில் சின்னங்கள் இருந்தன. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளலாம். நல்ல யோசனை. ஆனால் அட்டையின் சின்னம் தெரிவது வேறு, அந்த அட்டையில் தான் கற்றது என்ன என்று தெரிவது வேறு. உங்கள் தாளில் எண்ணோடு வாக்கியமும் இருக்கட்டும் என்று சொல்வது அதனால்தான்.

கேள்வி: நோட்டுத் திருத்தும்போது மதிப்பெண்ணும் போட்டு, கீழே அறிவுரையும் எழுதுகிறேன். பயனுண்டா?
- ஆசிரியை, காரைக்கால்

பதில்: மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிதாக மேலே வரவில்லை. வகுப்பு நோட்டில் மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். குறிப்பும் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று இருந்தால் எழுதாததற்குச் சமம். ‘3ஆம் கணக்கில் பகுதியைச் சமமாக்காமல் கூட்டியிருக்கிறாய். 3, 5 இரண்டையும் மறுபடி போடு’ என்று எழுதுங்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் அதைச் செய்ய வகுப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் சிவப்பு மைதான் வீண்.

கேள்வி: மகள் 10ஆம் வகுப்பு. அறிவியலில் ஒரு தேர்வில் 62, அடுத்ததில் 68, பிறகு 59. டியூஷனும் உண்டு. எதில் பின்தங்குகிறாள் என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நான் 8ஆவதுக்கு மேல் படிக்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: நிறையச் செய்யலாம், அறிவியல் தெரியாமலே. மொத்த மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் கேள்வித்தாளைப் பொறுத்தும் இருக்கும். அதிலிருந்து எந்த இடம் ஓட்டை என்று தெரியாது.

பாடநூலில் ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் ‘கற்றல் நோக்கங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உங்கள் மகளை அந்த வரிகளைக் கேள்விகளாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். மின்னோட்டவியல் அலகை எடுத்துக்கொண்டால், ‘ஓம் விதியைக் கூறு’ என்பது ஒரு கேள்வி. ‘ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், ஒன்று மட்டும் இருந்தபோது எரிந்ததைவிட ஏன் மங்கலாக எரிகின்றன?’ என்பது அதே நோக்கத்தின் இன்னொரு கேள்வி. முதலாவதை ஒப்பித்துவிடலாம், இரண்டாவதற்கு விளங்கியிருக்க வேண்டும். இரவில் ஒரு கேள்வி போதும்: புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் பத்து நிமிடம். பிறகு அவளே புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் எழுதட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது மை எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியில் அது குறைந்திருக்க வேண்டும்.

தேர்வுத்தாள் கைக்கு வந்ததும், போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதட்டும்: பாடம் தெரியவில்லை, கேள்வி கேட்டது ஒன்று எழுதியது வேறு, கவனக்குறைவு. மூன்றாவது காரணத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். விடையில் அளவீட்டு அலகை எழுதாமல் விடுவது, ஆம்பியர் என்று எழுத வேண்டிய இடத்தில் வோல்ட் என்று எழுதுவது போன்றவை இரண்டு தாள்களில் திரும்ப வந்தால் அது கவனக்குறைவு அல்ல. பாடத்திலேயே எங்கோ இடறுகிறாள். ‘தெரியும்மா, அவசரத்தில் விட்டுட்டேன்’ என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பதில்தான்.

கேள்வி: 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் எப்படிப் பதிவு செய்வார்கள்? தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் கற்றல் அளவைச் சொல்லும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை நாங்கள்தானே குறிக்கிறோம்?
- தொடக்கப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அந்தப் பதிவு உங்களுக்கானது, உங்களிடமே இருக்கட்டும், ‘அரும்புப் பசங்க எல்லாம் இங்கே வாங்க’ என்று கூப்பிட்டால் அதுவே பிள்ளைக்குப் பெயராகிவிடும். பிள்ளைக்கு அதன் பழைய வேலையே சாட்சி. நோட்டின் நடுவில் ஒரு தாளை ஒதுக்கி, மாதத்துக்கு ஒரு முறை ஐந்து சொற்களைச் சொல்லி எழுதவையுங்கள். ஜூனில் எழுதியதன் கீழே ஜூலை, அதன் கீழே ஆகஸ்ட். செப்டம்பரில் அந்தத் தாளைக் காட்டி, ‘முன்பு வராதது இப்போது எது வருகிறது?’ என்று கேட்டால், கொம்பும் துணைக்காலும் தொட்டுக் காட்டுகிற பிள்ளை இருக்கும். பக்கத்துப் பிள்ளையின் தாளோடு ஒப்பிடவிடாதீர்கள்.

கேள்வி: பாடம் முடிந்ததும் சார் ‘புரிந்ததா?’ என்று கேட்கிறார். எல்லாரும் ‘புரிந்தது சார்’ என்கிறோம். எனக்குப் பல நாள் புரிவதில்லை. எழுந்து சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
- 9ஆம் வகுப்பு மாணவன், திருச்செந்தூர்

பதில்: ‘புரியவில்லை’ என்று சொல்லாதே தம்பி, எங்கே நின்றுபோனது என்று சொல். ‘சார், மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், நாலாவதுல அந்த 2 எங்கிருந்து வந்ததுன்னு தெரியல’ என்று கேட்டால் சார் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும், கேலி செய்யவும் யாருக்கும் இடமில்லை. வகுப்பில் எழும்பக் கூச்சம் என்றால், பாடம் நடக்கும்போதே நின்றுபோன வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள். இடைவேளையில் நோட்டை நீட்டு.

உன் சார் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வரி: ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்குப் பதிலாகக் கால் தாளில் ஒரே ஒரு கணக்கு, மூன்று நிமிடம், வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். சரி, பாதி வழியில் நின்றது, தொடங்கவே இல்லை என்று மூன்று கட்டாகப் பிரிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். மறுநாள் பாடத்தை நடுக்கட்டில் இருக்கும் ஒரு தாளின் கணக்கை, பெயர் சொல்லாமல், பலகையில் போட்டுத் தொடங்குங்கள்.