வேர், இலை எதுவும் இல்லாமல் முதல் செடிகள் நிலத்தில் எப்படிப் பிழைத்தன?

பூஞ்சையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டுதான் பிழைத்தன. பள்ளியில் மெழுகுப் பூச்சு, இலைத்துளை என்று செடியின் உடம்பில் வந்த மாற்றங்களை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். பூஞ்சைக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

இதற்குச் சாட்சி ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த செர்ட் என்ற சிலிக்காக் கல். வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912 வாக்கில் கண்டெடுத்தது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா, நின்ற நிலையிலேயே செடிகளுக்குள் ஊறி, செல் செல்லாகக் கல்லாக்கிவிட்டது. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், தண்டின் தோலில் இலைத்துளையும் அதைத் திறந்து மூடும் இரண்டு செல்களும் தெரிகின்றன. எத்தனை முறை படம் பார்த்தாலும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

அதில் அக்லாவோஃபைட்டான் என்றொரு செடி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இலை கிடையாது, பச்சைத் தண்டுதான் உணவு தயாரித்தது. வேரும் கிடையாது, தரையில் படர்ந்த தண்டிலிருந்து ரோமம் போன்ற இழைகள் மட்டும். மெழுகுத் தோல் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும், சரி. ஆனால் சத்து எங்கிருந்து வரும்? அன்றைய நிலம் பெரும்பாலும் பாறையும் மணலும்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கனிமங்களுக்குள் பூட்டிக் கிடந்தது.

1994இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை காட்டியது. அந்தத் தண்டின் செல்களுக்குள்ளேயே பூஞ்சை இழைகள் நுழைந்து, குட்டி மரம்போலக் கிளை விரித்திருந்தன. செடியும் பூஞ்சையும் சத்தைக் கைமாற்றிக்கொள்ளும் இடம் அது. பூஞ்சை வெளியே இழை நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்; பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும்.

இந்தக் கூட்டு இன்னும் முறியவில்லை. நெல், சோளம், வெங்காயம் என்று பெரும்பாலான செடிகளின் வேரில் இதே வகைப் பூஞ்சை வாழ்கிறது. நம் விவசாயிகள் நாற்றங்காலில் இடும் ‘வேம்’ (VAM) உயிர் உரமும் இதுதான். மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி இந்தப் பூஞ்சையை அவ்வளவாக உள்ளே சேர்ப்பதில்லை. அதனால், வேம் போடுகிறவர்கள் அந்த உரத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.