படித்தவர் கைக்குக் கூடுதல் கணக்கா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். மேலே உள்ள, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் காலனிக்குச் சரிவை வெட்டி ரோடு போட எங்கள் கிராம சபையில் தீர்மானம் வந்தது. ஓடை அடைபடும், மண் சரியும் என்று எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. கை தூக்கி நிறைவேற்றிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர் கையும் தெரியாதவர் கையும் ஒன்றா? படித்தவர் கருத்துக்குக் கூடுதல் மதிப்பு தரும் முறை வரக்கூடாதா?

பதில்: ஐயா, மண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் சரிவுகள் இடிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இங்கே பல இடங்களில் மண் ஆழமானது. மழைநீர் உள்ளே இறங்கி ஊறி நிற்கும். அது வடிகிற ஓடையில் வெட்டிய மண்ணைக் கொட்டினால் சரிவு எப்படித் தாங்கும்? உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் முறைக்கு என்னால் சம்மதிக்க முடியாது.

அது ஏற்கெனவே நடந்து பார்த்த முறைதான். படித்தவருக்குக் கூடுதல் ஓட்டு வேண்டுமென்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு இருந்த இரண்டாவது ஓட்டை 1948-இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். இங்கே 1937 மாகாணத் தேர்தலில் வரி, சொத்து, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள் இருந்தன. 1986-இல் மேலவை கலைக்கப்படும் வரை பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேரவைக்கு ஓர் ஓட்டும் மேலவைக்கு இரண்டு ஓட்டும் போட முடிந்தது. அந்தக் கூடுதல் ஓட்டுகளால் இந்த மலையில் எந்த ஓடை தப்பியது, சொல்லுங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது, நீங்கள் யாருடைய கையைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்பது. அந்தக் காலனிக்காரர்களுடைய தாத்தா பாட்டிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். அங்கே 1931-இல் வயது வந்தோருக்கு ஓட்டு வந்தது. தோட்டத் தொழிலாளர்களும் ஓட்டுப் போட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே ஓட்டும் பறிபோனது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்துக்கொண்டன. போகிறாயா, இருக்கிறாயா என்று அவர்களைக் கேட்டு முடிவான கணக்கில்லை அது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் கிராம சபையில் தூக்கும் கையைப் பாதிக் கையாக எண்ணலாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவர்களை விஷயம் தெரியாதவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ரோடு இல்லாத வீட்டில் ராத்திரி பிரசவ வலி எடுத்தால், கம்பளியில் தூளி கட்டி, முன்னால் ஒருவர் டார்ச் அடிக்க, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கும் படிகளில் நாலு பேர் தூக்கி இறங்க வேண்டும். 108 வண்டி கீழே மெயின் ரோட்டில்தான் நிற்கும். தூக்கிய தோளுக்குத் தெரிந்ததைத்தான் அந்தக் கைகள் சொல்லின. ஓடையைப் பற்றி உங்களுக்குத் தெரியும், தூளியைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். சபையில் இரண்டும் ஒன்றாகப் பேசப்படவே இல்லை. நீங்கள் ரோடே வேண்டாம் என்கிறீர்கள் என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தீர்மானம் போட்டவுடன் மண்வெட்டி இறங்கிவிடாது. மதிப்பீடு தயாராக வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறுபாலம் உண்டா, தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை உண்டா, வெட்டும் மண்ணை எங்கே கொட்டப் போகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒரு மழை நாளில் காலனிக்கு ஏறிப் போங்கள். அங்கே இரண்டு மூன்று பெண்களையும் வார்டு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு ஓடையோரம் நடங்கள். தண்ணீர் எங்கே ஊற்றெடுக்கிறது என்று உங்களைவிட நன்றாக அவர்களே காட்டக்கூடும். ரோடு வேண்டும், ஓடையை மூடாத ரோடு வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் அவர்களோடு சேர்ந்து துணைத் தீர்மானம் கொண்டு வாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். அதற்குள் வேலை தொடங்கிவிடும் போலிருந்தால், கனிமவளத் துறையின் கருத்தைக் கேட்கச் சொல்லி, எல்லோரும் கையெழுத்திட்ட மனுவோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரைப் பாருங்கள்.