தகரமா காத்தது, மண்ணா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் மக்கள் தோட்டத்தில் புதைத்த வளைந்த தகரக் கொட்டகைக்குள் இருந்து உயிர் பிழைத்ததாகப் படித்தேன். கட்டடங்களையே இடித்துத் தள்ளிய குண்டுகளை மெல்லிய தகரம் எப்படித் தாங்கியது?
(வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஆண்டர்சன் பதுங்கிடம். வான்தாக்குதல் தற்காப்புப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சனின் பெயரால் அது வழங்கப்பட்டது. 1939 பிப்ரவரி முதல் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்த குடும்பங்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண்டு. மொத்தம் ஏறத்தாழ 36 லட்சம் பதுங்கிடங்கள் வழங்கப்பட்டன.

நேராகத் தலைமேல் விழும் குண்டை அது தாங்காது. அதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் விழுகிற குண்டுகளே மிகுதி. அவை வெடிக்கும்போது உலோகக் கூடு நொறுங்கி, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் துண்டுகளாகச் சிதறுகிறது. அத்துடன் காற்றழுத்தம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி இறங்கி, பிறகு சற்றுக் கூடுதலான நேரம் உறிஞ்சி இழுக்கிறது. இவ்விரண்டிலிருந்தும் காத்தது தகரம் என்பதைவிட மண் என்பதே சரி. பதுங்கிடத்தை 4 அடி ஆழத்தில் இறக்கி, கூரைமேல் குறைந்தது 15 அங்குலமும் பக்கங்களில் 30 அங்குலமும் மண் போட வேண்டும் என்பது விதி. ஐம்பது அடி தூரத்தில் வெடிக்கும் 500 பவுண்டு எடையுள்ள குண்டின் சிதறல்களைத் தடுக்க ஒன்றரை அங்குல எஃகு, பதின்மூன்றரை அங்குலச் செங்கற்சுவர், 30 அங்குல மண் ஆகிய மூன்றும் சமம் என்று அன்றைய பிரிட்டிஷ் அரசு கணக்கிட்டிருந்தது. மண்ணுக்கு விலை இல்லை. மண்வெட்டி இருந்தால் போதும்.

தகரத்தின் வேலை அந்த மண்ணைத் தாங்கி நிற்பது. நெளிவுள்ள எஃகுத் தகடு வளைவாக நிற்பதால் பாரத்தை இரு பக்கமும் தரைக்கு இறக்கிவிடும். அளவுக்கு மீறி அழுத்தினாலும் கண்ணாடிபோல் உடையாமல் நசுங்கி வளையும். மேலே உள்ள மண் கனமானது என்பதால், கண நேரமே நீடிக்கும் அழுத்தத்தால் அதை வேகமாக அசைத்துவிட முடியாது. சில அடி தள்ளிக் குண்டு விழுந்த இடங்களிலும் உள்ளிருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்ததற்கு இதுவே காரணம். அதன் உண்மையான குறை வேறு: குழிக்குள் தண்ணீர் ஊறியது, குளிர் வாட்டியது. ஆகவே பலர் இரவில் அங்கே போய்ப் படுக்கவில்லை. மனிதர் தங்க முடியாத பதுங்கிடத்தை, அதன் சுவர் எவ்வளவு பலமாக இருந்தாலும், நல்ல பதுங்கிடம் என்று நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் தெருக்களில் கட்டிய செங்கல் பதுங்கிடங்கள் இன்னும் பாதுகாப்பாக இருந்திருக்குமே?
(வாசகி, மதுரை)

பதில்: இருக்கவில்லை என்பதுதான் வேதனை. 1940இல் கட்டப்பட்டவற்றுள் பலவற்றின் சுவர் சிதறல்களைத் தடுக்கும் அளவுக்குத் தடிமனாகவே இருந்தது. ஆனால் சிமென்ட் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த தெளிவற்ற அரசு அறிவுரையால், சில இடங்களில் சிமென்ட் சேர்க்காத சுண்ணாம்புச் சாந்தில் கல் அடுக்கிவிட்டார்கள். குண்டு வெடித்துத் தரை அதிர்ந்ததிலும் காற்றின் இழுப்பிலும் சுவர் விலகியதும், கனத்த கான்கிரீட் கூரை உள்ளிருந்தவர்கள்மேல் அப்படியே இறங்கியது. கூரையையும் சுவரையும் கம்பியால் பிணைக்க வேண்டும் என்ற பாடம் உயிர்களைக் கொடுத்த பிறகே கிடைத்தது.

பொறியியலாளர் ஜான் பேக்கர் இதற்கு நேரெதிராகச் சிந்தித்தார். 1941இல் வந்த மோரிசன் பதுங்கிடம், எஃகு மேற்பலகையும் பக்கங்களில் கம்பி வலையும் கொண்ட, வீட்டுக்குள் வைக்கும் ஒரு மேசை. அதற்குள் படுத்து உறங்கலாம். மேல்மாடி இடிந்து விழும்போது அதன் சட்டம் சிறிது வளைந்து, வளைவதிலேயே விழுகிற பாரத்தின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும்படி அவர் கணக்கிட்டார். சற்றும் வளையாத ஒன்றைச் செய்ய முயன்றிருந்தால் அந்த எஃகின் எடை வீட்டுக்குள் அடங்கியிருக்காது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டுப் பங்கரை (பதுங்குகுழியை) ஆங்கில ‘எல்’ எழுத்துப்போல வளைத்து வெட்டியிருந்தார்கள். ஏன் அந்த வளைவு?
(வாசகி, சென்னை)

பதில்: சிதறல் நேர்கோட்டில்தான் பறக்கும், மூலை திரும்பாது. வாசலருகே செல் (பீரங்கிக் குண்டு) விழுந்தாலும் துண்டுகள் முதல் திருப்பத்தின் மண்சுவரில் புதைந்துவிடும். அழுத்த அலை மூலையைச் சுற்றி உள்ளே வரும் என்றாலும் வலுக்குறைந்தே வரும். ஆகவே திருப்பத்துக்கு அப்பால், வாசலிலிருந்து விலகி இருப்பவருக்கே பாதுகாப்பு அதிகம். மேலே பனங்குற்றிகளை (பனைமரத் துண்டுகளை) நெருக்கமாக அடுக்கி மண்மூட்டை போட்டதும் ஆண்டர்சன் கூரையின் அதே வேலைதான்: குற்றி மண்ணைத் தாங்கும், மண் துண்டுகளைத் தடுக்கும். மாரிமழையில் அந்த மண் நனைந்து கனத்து, பக்கச்சுவரும் ஊறிச் சரியக்கூடும் என்பதால், மழை விட்டதும் முதலில் பார்க்க வேண்டியது குற்றிகளின் முனை ஊன்றியிருக்கும் விளிம்பை.