நினைவுத் தோப்பு என்றால் என்ன? ஏன் பலவகை மரங்கள்?

மறைந்தவரின் நினைவாக, வெட்டி விற்கும் எண்ணமே இல்லாமல், அந்த மண்ணுக்குரிய பலவகை மரங்களைச் சேர்த்து வளர்ப்பதே நினைவுத் தோப்பு. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற, ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நகரங்களில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப்பனை) சுமார் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவாகிவிடும். அம்மா பால் வெட்டிய மரத்தை இன்று தேடினாலும் கிடைக்காது.

பலவகை மரங்கள் ஏன் என்றால், மெரந்தி போன்ற காட்டு மரங்களின் இளங்கன்றுகள் உச்சி வெயிலைத் தாங்காது. அதனால் வேகமாக வளரும் மகாங் மரத்தை முதலில் நட்டு, அதன் நிழலில் மெரந்தியை வைக்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான ஆயாக்கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் விடியுமுன் பால் வெட்டுக்குப் போய்விட, ஏணையில் கிடக்கும் பிள்ளையை ஆயா ஆட்டிக்கொண்டிருப்பார். மகாங் செய்வது அதே வேலைதான்.

மெரந்தி விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும், கன்றாகவே வாங்குங்கள். நிலத்துக்கு எழுத்துமூல அனுமதி கட்டாயம், வாய்ப்பேச்சு போதாது.

அஸ்தி நல்ல உரம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல, அதில் உப்பும் காரத்தன்மையும் மிகுதி. குழியில் அப்படியே கொட்டினால் இளவேர் கருகிவிடும். அஸ்தியை ஆற்றில் கரைத்துவிட்டு, கன்றுக்கு மட்கிய சாணம் போடுங்கள்.