ஏமாந்தாரா, ஏமாற்றிக்கொண்டாரா?

கேள்வி: தண்ணீர் இல்லாத காட்டில் (விளைநிலத்தில்) திரும்பத் திரும்பப் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதைப் பற்றி எங்கள் விவசாயிகள் மலருக்கு எழுதுகிறேன். 'இது ஆத்ம வஞ்சனை' என்று எழுதியிருந்தேன். நண்பர், "ஏமாந்துபோகிறார்கள்னு போடுங்க, போதும்" என்கிறார். எது சரிங்க?
– பல்லடம் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன்.

ஏமாந்தார் என்றாலே ஏமாற்றியவர் யார் என்ற கேள்வி வரும். நீரோட்டம் பார்க்க வந்தவர் கையில் தேங்காய் நிமிர்ந்து நின்றதை நம்பி முதல் போர் போட்டவருக்கு அந்தச் சொல் சரி. அதே காட்டில் மூன்றாவது போருக்குத் துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து, 800 அடி தாண்டியும் புகை மட்டும் பறக்கிறது. அப்போதும் "இன்னொரு நூறு அடி விடுங்க, ஈரம் தெரியுதுங்க" என்கிறாரே, அவருக்கு? நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை, அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். இதெல்லாம் அவருக்கே தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்கிறார். இவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். அந்தக் 'கொள்' துணைவினை இருந்தால்தான் ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் ஒரே ஆள் ஆவார். பேச்சில் 'ஏமாத்திக்கறாரு' என்றாலே விளங்கிவிடும்.

'ஆத்ம வஞ்சனை'க்கும் நேர்ப்பொருள் அதுதான். ஆனால் மேடையிலும் தலையங்கத்திலும் புழங்கிப் புழங்கி, மனசாட்சிக்கு விரோதமாக நடப்பது என்ற கண்டனத் தொனி அதில் ஏறிவிட்டது. கொள்கையை விட்டுக் கையெழுத்துப் போட்டவரை அப்படிச் சொல்லலாம். கடன் வாங்கிப் போர் போட்டவரைச் சொன்னால் பாவம், குற்றவாளி ஆகிவிடுவார். 'சுய ஏமாற்று' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மொழிபெயர்ப்பு வாடைதான் அடிக்கிறது.

அப்புறம், 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' (குறள் 293) என்று மேற்கோள் போடத் தோன்றும். போடாதீர்கள். அங்கே பொய் சொன்னவரை அவர் நெஞ்சே சுடுகிறது. தன்னை ஏமாற்றிக்கொள்பவருக்குச் சுடுவதில்லை, சிக்கலே அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதும் ஊரை ஏமாற்றுவதற்குத்தான் பொருந்தும். பழமொழி வேண்டுமென்றால், பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'அடுத்த நூறு அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.' 'அவர்கள்' என்று எழுதினால் படிக்கிறவருக்குக் கோபம் வரும். 'நாம்' என்றால் வராது. எப்படியும் உங்கள் காட்டிலும் ஒரு போர் இருக்குமே?